அம்மா பேசாத அந்தப் பெட்டி

வாய்க்கு வாய் என்னைப் “பூச்சி பிடிக்கிறவள்” என்று கூப்பிட்ட என் அண்ணாவுக்கு,

உன் ஆட்டத்திவசம், முதல் வருஷத் திவசம், போன கிழமை முடிந்தது. ஐயர் வந்தார், படைத்தோம், சனம் சாப்பிட்டுப் போனது, வாடகைக் கதிரைகளும் திரும்பிப் போய்விட்டன. பேப்பரில் உன் படத்தைப் போட்டு, கீழே கண்ணீர்க் கவிதை ஒன்றும் போட வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். அந்தக் கவிதையைக் கண்டால் நீ படத்திலிருந்து இறங்கி வந்து எங்களுக்கு அடிப்பாய் என்று சொல்லித் தடுத்தேன். அப்படியென்றால் நீயே ஏதாவது எழுது என்றார். அதுதான் இது.

வெள்ளவத்தை அப்படியே இருக்கிறது. எங்கள் லிஃப்ட் இன்னும் பாதியில் நின்று யோசித்துவிட்டுத்தான் மேலே வருகிறது. ரயில் போகும்போது குசினி ஜன்னல் இப்போதும் கிலுகிலுக்கிறது. அம்மா உன் கட்டிலில் துணிகளை மடித்து அடுக்கி வைத்திருக்கிறார். எடுத்து அலுமாரியில் வைத்தால், அடுத்த நாள் திரும்பவும் அங்கேதான் அடுக்குகிறார். அந்தக் கட்டில் வெறுமையாகக் கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

இதெல்லாம் சுற்றி வளைப்பு. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். உன் கேமை நான் கெடுத்துவிட்டேன் அண்ணா. நீ செய்த ஒரே ஒரு கேமை. அதில் ஆக நல்ல இடம் எதுவோ, அதைத் தேடிப்பிடித்துத் திருத்தியிருக்கிறேன். கெடுத்தது கூட இல்லை, கெடுத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேனே, அதை நினைக்கத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இனிச் சொல்வது உனக்குத் தெரிந்ததுதான். பக்கத்தில் நின்று வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

என் வேலை, கடல் கடந்த பெரிய கொம்பனிகள் செய்கிற ரோல்-பிளேயிங் கேம்களை, அவை வெளிவருவதற்கு முன் விளையாடிப் பிழை, அதாவது ‘பக்’ என்கிற பூச்சி, பிடிப்பது. “விளையாடச் சம்பளமா!” என்று கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரு கோட்டைச் சுவரைத் தோளால் உரசிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடப்பேன், எங்காவது ஆள் சுவருக்குள் விழுந்துவிடுகிறாளா என்று பார்க்க. கதவு கதவாகத் திறந்து மூடுவேன். ஒரு பாத்திரம் பேசும்போது எழுத்து வராமல் வெறும் பெட்டி வந்தால் அது பிழை. உடனே எழுதி அனுப்ப வேண்டும். அடுத்த முறை பார்க்கும்போது யாரோ ஏதோ எழுதி அந்தப் பெட்டியை நிரப்பியிருப்பார்கள்.

நீயோ பகலில் இன்சூரன்ஸ் ஒபிஸ், சனி ஞாயிறில் கேம். கூட இருந்தது உன் கூட்டாளி, மாளிகாவத்தை ரிஸ்மி மட்டும். அவர் சத்தங்களைப் பார்த்துக்கொண்டார், மற்றதெல்லாம் நீ. ‘வீடு பார்க்கப் போன நாள்’ என்று பெயர் வைத்தாய். போர்க்காலத்துக் கொழும்பில் ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வாடகை வீடு தேடிப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. நாங்கள்தான் அது.

அன்றைக்கு நான் உன்னிடம் கதைத்த கதை ஞாபகம் இருக்கிறதா? நீ மீன் வைத்த மாலுபாண் வாங்கி வந்திருந்தாய். உன் கேமை முதல் தடவை பார்த்துவிட்டு வாய்க்குள் பாணோடு சொன்னேன்.

“ஆரண்ணா காசு குடுத்து பஸ்ஸில போற கேம் விளையாடுவினம்? அதுதான் ஒவ்வொரு நாளும் போகினமே!”

“உன்ர கேமில சனம் காசு குடுத்துப் பேயிட்ட அடி வாங்குதே, அது பரவாயில்லையோ?”

“அதில வாள் இருக்கு. உன்ரயில என்ன இருக்கு?”

“அம்மா இருக்கிறா.”

“விசரன்!” என்றேன். நீ சிரித்துக்கொண்டு என் பாணிலிருந்த மீனைக் கிள்ளி எடுத்துவிட்டாய்.

ஒபிஸில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், “அண்ணாவும் சும்மா சின்னதா ஒரு கேம் செய்யிறார்” என்பேன். அந்தச் ‘சும்மா சின்னதா’வை நான் எவ்வளவு வேகமாகச் சொல்வேன் என்று உனக்குத் தெரியாது. அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன்.

பெரிய கேம்களை நான் குறை சொல்ல வரவில்லை. எனக்குச் சோறு போடுவது அவைதான். ஒன்றில் மழை பெய்தால் குதிரையின் முதுகு முதலில் நனைந்து, பிறகு வயிற்றால் வடியும். அதைச் செய்தவரைக் கண்டால் நான் கும்பிடுவேன். அதே மாதிரிச் சின்னதெல்லாம் நல்லது என்றும் சொல்லமாட்டேன். தனியாக ஒருவர் செய்த குப்பைகளும் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குதிரையில் ஏறி நான் போய்ச் சேருகிற ஊரில் ஒருவரும் என்னைப் பார்த்து “நீ ஆர்?” என்று உண்மையாகக் கேட்பதில்லை. மூக்கின் நீளத்தைக் கூட நானே தெரிவு செய்யலாம். எந்த மூக்கோடு போனாலும் கடைக்காரன் ஒரே பதிலைத்தான் சொல்கிறான்.

உன் கேமில் வாள் இல்லை. உயிர் காட்டுகிற கோடும் இல்லை. அந்த இடத்தில் ‘குரல்’ என்று ஒரு கோடு வைத்தாய். கடையில், சோதனைச்சாவடியில், வீட்டுக்காரரின் கேற்றடியில், எங்கே வாயைத் திறந்தாலும் எந்தப் பாஷையில், எவ்வளவு சத்தமாக என்று விளையாடுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். “மல்லி”, தம்பி, என்று சிங்களத்தில் தொடங்கினால் கடைப் பெடியன் சிரிப்பான், இரண்டாவது வசனத்தில் நாங்கள் தடுமாறினால் சிரிப்பு நின்றுவிடும். இங்கிலிஷில் கேட்டால் மரியாதை வரும், கூடவே சந்தேகமும் வரும். வெள்ளவத்தையில் தமிழ் வீட்டுக்காரரிடம் தமிழில் கேட்டால், “யாழ்ப்பாணத்தில இருந்து ஆக்கள் வந்து நிப்பினமோ? பொலிஸ் பதிவெல்லாம் என்னால ஏலாது பாருங்கோ” என்பார். ஒவ்வொரு இடத்திலும் குரல் கொஞ்சம் குறையும்.

ரோல்-பிளே என்றால் என்ன என்று எங்களுக்கு யார் சொல்லித் தரவேண்டும்? காலையில் லிஃப்டால் இறங்கி, செக்கியூரிட்டி அண்ணனிடம் சிங்களத்தில் “அய்யே” என்கிற ஒரு ஆள், ஓட்டோவில் இன்னொரு ஆள், ஒபிஸில் வேறொரு ஆள். நான் வேலையில் நாள் முழுக்க மந்திரவாதியாகவும் வில்லாளியாகவும் வேடம் கட்டிக்கொண்டிருந்தேன். நீ மட்டும்தான் நாங்கள் உண்மையாகக் கட்டுகிற வேடத்தைக் கேமாகச் செய்தாய். இதை உனக்கு நேரில் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு இது விளங்கவில்லை அண்ணா, சத்தியமாக விளங்கவில்லை.

டெங்கு என்றார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்ட அன்றைக்குத்தான் நீ போனாய்.

கேம் அநேகமாக முடிந்திருந்தது. வெளியிடுவோம் என்று ரிஸ்மி சொன்னார். “பொறுங்கோ, நான் ஒருக்கா முழுசா விளையாடிப் பாக்கிறன், இது என்ர தொழில்” என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். உன் லப்டொப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிழைகள் இருந்தன, அதைச் சொல்லத்தான் வேண்டும். கொட்டாஞ்சேனைக் கடையில் சுவருக்குள்ளால் நடந்து தெருவுக்கு வரலாம். வீட்டுக்காரரின் நாய் சில நேரம் கூரையில் நின்றது. அதையெல்லாம் திருத்தினேன். ஒவ்வொன்றையும் திருத்தும்போது, உன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பது போல ஒரு சந்தோஷம் இருந்தது.

பிறகு பஸ் வந்தது. அம்மாவும் பிள்ளைகளும் ஏறினார்கள். அம்மாவிடம் போய்ப் பேசுகிற பொத்தானை அழுத்தினேன். பெட்டி வந்தது, உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. திரும்ப அழுத்தினேன். திரும்பவும் வெறும் பெட்டி. பஸ் காலி வீதியால் போய்க்கொண்டே இருக்கிறது, கொண்டக்டர் கத்துகிறார், அம்மாவிடம் மட்டும் வெறும் பெட்டி. நான் வேறு என்ன நினைப்பேன்? ஐயோ, எழுத முன்னம் போய்விட்டானே என்றுதான் நினைத்தேன். உன் விரல் வந்து நின்ற இடம் அதுதான் என்று நினைத்து, லப்டொப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்துவிட்டு நிரப்பினேன். “பயப்பிடாதேங்கோ பிள்ளையள். இன்னும் கொஞ்ச நேரத்தில வெள்ளவத்தை வந்திடும். அங்க போனதும் கடல் பாப்பம், என்ன?” இப்படி இன்னும் நிறைய. பஸ் ஓடும் நேரம் முழுக்க அம்மாவைப் பேச வைத்தேன். பால்மா விளம்பரத்தில் வருகிற அம்மா ஒருவரை எங்கள் அம்மாவின் சீலையைக் கட்டி அந்த சீட்டில் இருத்திவிட்டேன். உனக்கு நான் செய்கிற கடைசிக் கடமை என்று நினைத்துக்கொண்டு செய்தேன்.

வெளியிட்டோம். கொஞ்சப் பேர் விளையாடினார்கள். “அந்த அம்மா கியூட்” என்று ஒருவர் எழுதியிருந்தார். கியூட்! போர்க்காலத்தில் இரண்டு பிள்ளைகளோடு வீடு தேடி அலைந்த எங்கள் அம்மாவை. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் அண்ணா. படம் பிடித்து ஒபிஸ் குரூப்பில் கூடப் போட்டேன்.

முடிவில் என்னவோ ஒன்று குறைகிறது என்று எனக்கே தெரிந்தது. வீடு கிடைக்காமல் மூன்று பேரும் ஒழுங்கையின் கடைசிக்கு நடந்து, தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்கு வருவார்கள். பிள்ளைகள் கல்லுகளில் இறங்கி ஓடும். அப்போது அம்மா கத்துவார்: “டேய்! இறங்காத எண்டெல்லோ சொன்னனான்!” எழுத்து ஸ்கிரீன் முழுவதையும் அடைக்கும். நாள் முழுக்கக் குறைந்துகொண்டே வந்த குரல் கோடு ஒரேயடியாக நிரம்பும். நீ இருந்தபோது ரிஸ்மி அதை விளையாடிவிட்டு எழும்பி பல்கனிக்குப் போய் நின்றாரே. நான் விளையாடும்போது ஒன்றும் நடக்கவில்லை. சும்மா ஒரு அம்மா பிள்ளைகளை ஏசுகிறார், அவ்வளவுதான். உன்னிடம் எழுத்துத் திறமை குறைவு என்று நினைத்தேன். அப்படியும் நினைத்தேன், கேட்டுக்கொள்.

அம்மாவுக்கு மட்டும் நான் காட்டவில்லை. அழுவார் என்று சாட்டுச் சொன்னேன். அவருக்கு என்ன விளங்கப்போகிறது என்றும் நினைத்ததுண்டு. ஆட்டத்திவசத்துக்கு அடுத்த நாள் பின்னேரம் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவன் செய்ததை ஊரெல்லாம் பாக்குதாம். எனக்கு எப்ப காட்டப்போறாய்?”

லப்டொப்பின் கீபோர்டு அவருக்குத் தோதுப்படவில்லை. உன் மேசை லாச்சியிலிருந்து அந்தப் பழைய கறுப்பு கேம் கொன்ட்ரோலரை எடுத்து இரண்டு கையிலும் பிடிக்கக் கொடுத்தேன். ஒரு பப்பாளிப் பழத்தைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார். கடைக்குள் போக வெகுநேரம் எடுத்தது. மீசையோடு நின்ற கடைக்காரரைக் கண்டதும், “உவர் மீசை வைக்கேல்லையே, இவனுக்கென்ன மறதி!” என்று சிரித்தார். சோதனைச்சாவடியில் சிரிக்கவில்லை. பிறகு பஸ்ஸில் ஏறினார்.

நான் எழுதிய அம்மா கதைக்கத் தொடங்கினார், பயப்பிடாதேங்கோ பிள்ளையள் என்று. அதே நேரம் எங்கள் அம்மாவின் கைக்குள் கொன்ட்ரோலர் அதிர்ந்தது. கொஞ்சம் விட்டு, விட்டு, இரண்டு தரம். நான் அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கீபோர்டில் விளையாடியவளுக்கு அதிர்வு எப்படித் தெரியும்?

அம்மா ஸ்கிரீனைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திரும்ப ஸ்கிரீனைப் பார்த்தார்.

“உது ஆர் பிள்ளை கதைக்கிறது?”

“நீங்கள்தான் அம்மா.”

“நான் பஸ்ஸுக்க கதைக்கிறேல்லையே.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் மாறிக் கொடுத்த சாமானைத் திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னார். பிறகு கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“அந்த நேரம் பஸ்ஸுக்க தமிழ் கதைக்கப் பயம். கையைத்தான் அமத்துவன். ஒருக்கா அமத்தினால் இறங்கப்போறம். ரெண்டுதரம் எண்டால் வாயைத் திறக்காத.” அமத்தியும் காட்டினார். “கொண்ணனுக்கு உடன விளங்கும். நீதான் கேக்கமாட்டாய். ஏனம்மா அமத்துறியள், நோகுது எண்டு பஸ்ஸெல்லாம் கேக்கக் கத்துவாய். எனக்கு ஈரல்குலை நடுங்கும்.”

எனக்கு ஞாபகமே இல்லை அண்ணா. எங்கள் அம்மாவின் கை, என் கை, எனக்கு ஞாபகம் இல்லை. நீ ஞாபகம் வைத்திருந்து, அதைக் கேமுக்குள் கொண்டுவந்து, விளையாடுகிற ஒவ்வொருவரின் கைக்குள்ளும் அம்மாவின் கையை வைத்தாய். அதன்மேல் ஏறி நின்று நான் வசனம் எழுதியிருக்கிறேன்.

ரிஸ்மிக்குப் போன் எடுத்தேன். நான் கேட்டதும் சொன்னார். “எனக்குத் தெரியும் தங்கச்சி. மச்சான் வேணும்னுதான் அத சும்மா விட்ட. நீங்க அழுது அழுது எழுதினீங்க. எனக்குச் சொல்ல வாய் வரல்ல.” பாவம், இவ்வளவு நாளும் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பெரிய கேம் ஒன்றில் அந்த வெறும் பெட்டி தப்பியிருக்குமா? ஒரு நாளும் தப்பியிருக்காது. என்னைப் போல ஒருத்தி பிழை என்று எழுதுவாள். இன்னொருவர் நிரப்புவார். அதற்கு மேலே இருப்பவர், சனத்துக்கு விளங்க வேண்டுமே என்று இன்னும் இரண்டு வரி சேர்ப்பார். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்வார்கள். கடைசியில் அம்மா பேசிக்கொண்டே இருப்பார். அத்தனை சனமும் அத்தனை காசும் இருக்கிற இடத்தில் ஒருவர் பேசாமல் இருப்பதற்கு இடம் கிடைப்பதில்லை. உன் கேம் அவற்றையெல்லாம் தாண்டி நின்றதற்கு ஒரே காரணம், உனக்கு மேலே ஒருவரும் இல்லை, பக்கத்தில் நானும் இல்லை. நீ செத்த பிறகு நான் வந்து சேர்ந்தேன். ஒரு பெரிய கொம்பனி செய்கிற வேலையை நான் தனி ஆளாக உனக்குச் செய்து முடித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதுதான் ஆக வெட்கம்.

அம்மா பின்னேரங்களில் எனக்குக் கோல் எடுப்பார், வீட்டுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்க. அநேகமாக நான் பஸ்ஸில் இருப்பேன். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, “ஐ வில் கோல் யூ பேக்” என்று இங்கிலிஷில் மெதுவாகச் சொல்லிவிட்டு வைப்பேன். எங்கள் அம்மாவிடம்! இப்போது சோதனைச்சாவடி இல்லை. பக்கத்து சீட்டில் இருக்கிறவர் தன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார், என்னைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எனக்கு எதற்குப் பயம்? பஸ்ஸெல்லாம் கேட்கக் கத்திய அந்தப் பிள்ளை எந்த ஹோல்ட்டில் இறங்கிப் போனாள்? அம்மாவுக்காவது காரணம் இருந்தது. நான் பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் அம்மா செய்ததையே செய்துகொண்டு, உன் பஸ்ஸில் அம்மா பேசாததைப் பிழை என்று நினைத்து நிரப்பினேன்.

நேற்று என் வசனங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். பெட்டி திரும்பவும் வெறுமையாக இருக்கிறது. கொன்ட்ரோலரை அம்மாவிடம் கொடுத்து முதலிலிருந்து விளையாடச் சொன்னேன். பஸ்ஸில் ஏறியதும் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அடக்கி வைத்த அவர் கத்தல் கடற்கரையில் ஸ்கிரீன் முழுக்க வந்தபோது, “அப்பாடா” என்றார். நான் எழும்பி பல்கனிக்குப் போனேன். ரிஸ்மி நின்ற அதே இடத்தில்தான் நின்றேன்.

இனி அந்தப் பெட்டியில் ஒருவரும் கை வைக்க விடமாட்டேன். பிழை என்று யாராவது எழுதினால், கொன்ட்ரோலரில் விளையாடுங்கள் என்று மட்டும் பதில் போடுவேன். பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் கதைப்பேன் என்று உனக்குச் சத்தியம் பண்ணலாம், ஆனால் அது பொய்யாகிவிடும், நீயும் நம்பமாட்டாய். என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். நாளைக்கு பஸ்ஸில் அம்மாவின் கோல் வந்தால், வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, “ஓம் அம்மா, வாறன்” என்று சொல்லுவேன். அவ்வளவாவது சொல்லுவேன் அண்ணா.

அம்மாவின் மற்றக் கையில் தொங்கிக்கொண்டு வந்த
உன் தங்கச்சி